உலக்கை வைத்த மெஷின்

1

இன்னிக்கு எங்க மெஷினுக்கு ஒரு வயசு. பிள்ளைக்குத்தான் பொறந்த நாளு, மெஷினுக்கு ஏதுடின்னு கேக்காதீங்க. இந்த ஊர்ப் பொம்பளைங்க காலையிலேயே அதைக் கழுவித் துடைச்சு, மஞ்சளும் சிவப்புமா ஒரு துணியைச் சுத்திவிட்டு, எனக்கு ஆள் அனுப்பிட்டாங்க. "ரெஜினாம்மா வந்தாத்தான் சோத்துப் பானையைத் தொறப்போம்"னு சேதி.

ரெஜினாம்மா நான்தான். பேரு ஸ்டெல்லா. கடலூர் ஓ.டி.யில, அதான் ஓல்டு டவுன்ல, பொறந்து, சிதம்பரத்துல வாக்கப்பட்டு, இப்போ ஆப்பிரிக்காவுல குடியிருக்கேன். நாங்க வந்தப்ப இதுக்கு டாங்கனிக்கான்னு பேரு. வந்து பொட்டியைப் பிரிச்சு அடுக்கறதுக்குள்ள தான்சானியான்னு மாத்திட்டாங்க. எங்க வீட்டுக்காரர் சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்சவரு. இங்க ஒரு தொழிற்கல்விப் பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மரவேலை, இரும்புவேலை சொல்லித்தராரு. பக்கத்துலயே கிசிமாணின்னு ஒரு கிராமம். மெஷின் அங்கதான் இருக்குது.

இங்க யாரையும் அவுங்க சொந்தப் பேரால கூப்பிடறதில்ல. மூத்த பிள்ளை பேரைச் சொல்லி அதோட அம்மான்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம தெருவுலயும் அப்படித்தானே? அது ஒண்ணுலதான் வந்த முதல் வாரமே எனக்கு ஊர்ல இருக்கற மாதிரி இருந்துச்சு. ஆனா அம்மாவுக்கு இவுங்க பாஷையில "மாமா"ன்னு பேரு. என் பொண்ணு ரெஜினா இங்கத்திய பசங்களோட சேர்ந்து என்னை "மாமா, மாமா"ன்னுதான் கூப்பிடுது. போன லீவுல சிதம்பரத்துக்கு வந்தப்ப, அது என்னை மாமான்னு கூப்பிட, என் மாமியார் நாலு பக்கமும் பாத்துட்டு, "எந்த மாமா வந்திருக்காரு?"ன்னு முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டாங்க. வீடே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அப்புறம் கொல்லைப்பக்கம் போயி கொஞ்சம் அழுதுட்டும் வந்தேன், அது வேற.

2

நான் மெஷின் கதையைச் சொல்லணும்னா எங்கம்மாவை முதல்ல சொல்லணும்.

எங்கம்மா பேரு சவேரியம்மா. ஓ.டி.யில ஒரு மல்லாட்டை மண்டியில தோல் உரிக்கற வேலை. வடக்கே, தெக்கே இருக்கறவுங்க வேர்க்கடலை, நிலக்கடலைன்னு சொல்றீங்களே, அதுதான் எங்களுக்கு மல்லாட்டை. வரிசையா பொம்பளைங்க தரையில உக்காந்திருப்பாங்க. தண்ணி தெளிச்ச மல்லாட்டையைக் கட்டைவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வச்சு ஒரே அமுக்கு. நாளெல்லாம் அதே வேலை. அம்மாவுக்குக் கட்டைவெரல் நகம் நடுவுல பொளந்தே இருக்கும். சோத்துல ரசம் ஊத்தினா "ஸ்ஸ்"ன்னு கையை உதறும். நான்தான் உருட்டி ஊட்டுவேன்.

ஒருநாள் மண்டிக்கு மெஷின் வந்துச்சு. ஒரு பெரிய பொட்டி, அடியில ஓட்டை போட்ட தகடு, மேல ஒரு நீட்டுக் கைப்பிடி. கைப்பிடியை முன்னயும் பின்னயும் ஆட்டினா உள்ள மல்லாட்டை தேய்ஞ்சு, தோலும் பருப்புமா கீழ கொட்டும். முதலாளி தேங்கா உடைச்சாரு. எல்லாருக்கும் பூந்தி குடுத்தாரு. கைப்பிடியை ரெண்டு ஆம்பளைங்ககிட்ட மாத்தி மாத்திக் குடுத்தாரு. பூந்தி தின்னு முடிச்ச பொம்பளைங்களைப் பாத்து, "நாளையிலேருந்து வர வேணாம், வேணும்னா சொல்லி அனுப்பறேன்"னாரு.

நான் அப்ப சின்னப் பொண்ணு. வாய் மட்டும் நீளம். "ஏன், எங்கம்மா அந்தக் கைப்பிடியை ஆட்டக்கூடாதா?"ன்னு கேட்டுட்டேன். மண்டியே சிரிச்சுது. "பொம்பளைக்கு எதுக்குடி மெஷினு?"ன்னு முதலாளி என் கன்னத்தைக் கிள்ளினாரு. அம்மா என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்துடுச்சு. அதுக்கப்புறம் துறைமுகத்துல கருவாட்டுக் கூடை தூக்கித்தான் என்னைக் கான்வென்ட்டுல படிக்க வச்சுது. அந்தச் சிரிப்பு மட்டும் என் காதை விட்டுப் போவலை. கப்பல் ஏறி இத்தினி தூரம் வந்தும் போவலை.

3

கிசிமாணிக்கு நான் முதல்ல போனது முட்டை வாங்கத்தான். போன எடத்துல ஒரு மரத்தடியில பொம்பளைங்க கூட்டமா மல்லாட்டை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கால் அங்கேயே நின்னுடுச்சு. ஒருத்தி கையைப் பாத்தேன். நடுவுல பொளந்த கட்டைவெரல் நகம். ஐயோ, எங்கம்மா கை.

அவுங்கதான் ஆஷாம்மா. வாட்டசாட்டமான பொம்பளை, ஊருக்கே கேக்கற குரல். என்னைப் பாத்து, "இன்னா, உரிக்கத் தெரியுமா, வேடிக்கை பாக்கத்தான் தெரியுமா?"ன்னாங்க. அவுங்க பேசினது சுவாஹிலி. ஆனா அந்தக் குரலுக்கு எங்க கடலூர்ப் பேச்சுதான் பொருத்தம், அதனால அப்படியேதான் எழுதுவேன். நான் உக்காந்து உரிச்சேன். அவுங்க வேகத்துக்கு ஈடு குடுத்தேன். அன்னியோட நான் வெளியூர்க்காரி இல்லன்னு ஆயிடுச்சு.

அந்த ஊர் வழக்கம் ஒண்ணு சொல்லணும். புகையிலை ஆம்பளைங்களோடது. மல்லாட்டை பொம்பளைங்களோடது. அவுங்களே வெதைச்சு, அவுங்களே புடுங்கி, அவுங்களே விப்பாங்க. அந்தக் காசை எந்தப் புருஷனும் கேக்க முடியாது. பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போறதே அதுலதான். ஆனா உரிக்கத்தான் கை போதலை. உரிச்ச பருப்புக்குத்தான் வெலை. தோலோட குடுத்தா வியாபாரி ஏதோ பிச்சை போடற மாதிரி குடுத்துட்டு மூட்டையைத் தூக்கிட்டுப் போயிடுவான்.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர்கிட்ட, "நம்ம மண்டி மெஷின் மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க"ன்னேன். அவரு ஓ.டி. மண்டியில அதைப் பாத்திருக்காரு. "மரமும் பழைய தகடும் இருந்தாப் போதும், பசங்களுக்கும் பாடம் ஆச்சு"ன்னாரு. பள்ளிக்கூடத்துல கேட்டா, ஆபீசுக்கு எழுதுன்னாங்க. விவசாய ஆபீசு, இது மெஷின், தொழில் ஆபீசுக்குப் போன்னுச்சு. தொழில் ஆபீசு, இது மல்லாட்டை, விவசாய ஆபீசுக்குப் போன்னுச்சு. ஒரு குமாஸ்தா என்னைப் பாத்து, இது பொம்பளைங்களுக்குன்னா சமூக நல ஆபீசாச்சேன்னான். நம்ம தாலுக்கா ஆபீசை அப்படியே கப்பல்ல ஏத்தி அனுப்பி வச்சிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். கடைசியில எல்லா ஆபீசும் ஒரே ஒரு வரியில ஒத்துப்போச்சு. செஞ்ச மெஷினைப் பதிவு பண்ண சங்கத்துக்குத்தான் ஒப்படைக்கணும். கிசிமாணியில பதிவு பண்ண சங்கம் ஒண்ணே ஒண்ணுதான். புகையிலைச் சங்கம். ஆம்பளைங்க சங்கம்.

4

அது அப்புறம் பாத்துக்கலாம்னு மெஷினை ஆரம்பிச்சோம். அதுலதான் நான் பெரிய மேதாவித்தனம் ஒண்ணு பண்ணேன்.

மண்டி மெஷின் ஆம்பளை நின்னு ஆட்டறதுக்குச் செஞ்சது. நம்ம பொம்பளைங்க எந்த வேலையும் உக்காந்துதானே செய்வோம்? அருவாமணையில உக்காருவோம், அம்மியில உக்காருவோம், உரிக்கறதுக்கும் உக்காருவோம். அதனால, "பொட்டியைத் தரையோட வைங்க, கைப்பிடியைச் சின்னதாக்குங்க, பாவம் சௌகரியமா உக்காந்து ஆட்டட்டும்"னு எங்க வீட்டுக்காரரை அரிச்செடுத்தேன். அவரு, "நீ சொன்னா சரி"ன்னு செஞ்சுட்டாரு. அழகா வந்துச்சு. எங்க ஊர்ப் பொம்பளை யாரைக் கூப்பிட்டு வுட்டாலும் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உக்காந்து ஆட்டியிருப்பா.

கிசிமாணியில ஒருத்தியும் தொடலை. நாலு நாள் கழிச்சுப் போனா, அது மேல கோழி உக்காந்திருக்குது. அவுங்க பழையபடி வெரலால உரிச்சுக்கிட்டு இருக்காங்க.

எனக்கு வந்துச்சே கோவம்! "இன்னா ஆஷாம்மா, உங்களுக்காக நாயா பேயா அலைஞ்சு செஞ்சா, கோழிக்குக் கூடு கட்டினேனா?"ன்னு கத்திட்டேன். பாதி சுவாஹிலி, பாதி தமிழு. ஆஷாம்மா அசரலை. கடைக்குட்டி முதுகுல துணியால கட்டித் தூங்கிக்கிட்டு இருக்குது. அப்படியே மெஷின் முன்னாடி குந்தி உக்காந்து, ரெண்டு தடவை கைப்பிடியை ஆட்டினாங்க. முதுகுல இருந்த பிள்ளை நசுங்கி, தலை இப்படியும் அப்படியுமா ஆடி, வீல்னு கத்துச்சு.

"பாத்தியா? நீ உன் பிள்ளையை எங்க வைப்பே?"

"தூளியில போட்டு மரத்துல கட்டுவோம்."

"அப்ப உனக்குச் செஞ்சுக்கிட்டே. எனக்குச் செய்யலை."

இவுங்க பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு நின்னுதான் வேலை செய்வாங்க. மரத்தூளின்னு ஒண்ணு இங்க கெடையவே கெடையாது. தெனமும் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்! பாத்த கண்ணு கண்டுக்கிட்டாத்தானே.

எங்க வீட்டுக்காரர், "சரி, மண்டியில இருக்கற மாதிரியே நின்னு ஆட்டறதுக்குச் செஞ்சுடறேன்"னாரு. "வேணாம்"னுட்டாங்க ஆஷாம்மா. எங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி உரலைக் காட்டினாங்க. இங்க உரல் பெருசு. ரெண்டு பொம்பளைங்க எதிரும் புதிருமா நின்னு, ஆளுக்கொரு உலக்கையால மாத்தி மாத்திக் குத்துவாங்க. பாட்டும் உண்டு. முதுகுல இருக்கற பிள்ளை அந்த ஏத்த எறக்கத்துலயே தூங்கிடும்.

"இந்த மாதிரி ஆட்டறதுக்குச் செய். ஒருத்தி அமுக்கினா, இன்னொருத்திக்கு ஏறணும்."

எங்க வீட்டுக்காரர் தரையில குச்சியால படம் போட்டாரு. ஆஷாம்மா காலால அழிச்சாங்க. இவரு திரும்பவும் போட்டாரு. "உசரம் ஜாஸ்தி"ன்னாங்க. இவருக்கும் கோவம் வருது, அவுங்களுக்கும் வருது. நான் நடுவுல மொழிபெயர்க்கறேன்னு ரெண்டு பேர்கிட்டயும் திட்டு வாங்கறேன். கடைசியில பொட்டி மேல குறுக்க ஒரு கட்டை, பிள்ளைங்க ஏறி ஆடற ஏத்தப்பலகை மாதிரி. ரெண்டு முனையிலயும் தொங்கற மாதிரி ஒவ்வொரு உலக்கை. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்கினா உள்ள இருக்கற கட்டை முன்னயும் பின்னயும் போயி மல்லாட்டையைத் தேய்க்கும். ஆஷாம்மாவும் அவுங்க ஓர்ப்படியும் முதமுதல்ல நின்னு அமுக்கினாங்க. தோலும் பருப்பும் கொட்டுச்சு. பருப்பு ஒடையலை. முதுகுல பிள்ளை தூங்குச்சு. அந்தப் பொம்பளைங்க நாக்கைச் சொழட்டி ஒரு குலவை போட்டாங்க பாருங்க!

5

நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் சங்கத்துக்குத்தான் ஒப்படைக்கணும்கறது எல்லாருக்கும் ஞாபகத்துக்கு வந்துச்சு. புகையிலைச் சங்கத் தலைவர் ஜுமா எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. நல்ல மனுஷன், மரியாதையாத்தான் பேசுவாரு. "மெஷின்னா சங்கக் கொட்டகையில பூட்டு போட்டு வைக்கறதுதான் முறை. எங்க ஆளுங்க ஓட்டுவாங்க. பொம்பளைங்க மூட்டையைக் கொண்டாந்து குடுக்கட்டும்"னாரு. எனக்கு முன்னால ஓ.டி. மண்டியே வந்து நின்னுச்சு. தேங்கா, பூந்தி, எல்லாம்.

மெஷின் கொட்டகைக்குப் போச்சுன்னா மல்லாட்டையும் பின்னாலயே போயிடும். உரிக்கற எடம் யார்கிட்டயோ, விக்கறதும் அவுங்க கைக்குத்தான் போவும். ஆஷாம்மாகிட்ட இதைச் சொல்லி, "இன்னா பண்றது?"ன்னேன். "ஆபீசர் வரட்டும். நீ அன்னிக்கி நல்ல பொடவை கட்டிக்கிட்டு வா"ன்னாங்க. அவ்வளவுதான். எனக்கு எரிச்சலா வந்துச்சு.

ஒப்படைக்கற நாள். ஆபீசர் வந்தாரு, நாற்காலி போட்டாங்க. ஊரே கூடிடுச்சு. நான் பட்டுப் பொடவையில வேர்த்துக்கிட்டு நிக்கறேன். ஆபீசர் ரெண்டு வார்த்தை பேசிட்டு, "தலைவர் ஆரம்பிச்சு வைக்கட்டும்"னாரு. ஜுமாவும் சங்கச் செயலாளரும் எழுந்து வந்தாங்க. ஆஷாம்மா ரொம்பப் பவ்யமா ஆளுக்கொரு உலக்கையைப் புடிச்சுக் கையில குடுத்தாங்க.

ஜுமா உலக்கையைப் பாத்தாரு. எதிர்ல செயலாளரும் உலக்கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. உரலுக்கு ரெண்டு பக்கமும் பொம்பளைங்க நிக்கற மாதிரியே நிக்கறாங்க ரெண்டு பேரும். கூட்டத்துல கொல்லுன்னு ஒரு சிரிப்பு. ஜுமாவோட அக்காவே கத்தினாங்க: "எங்க தம்பி மாவு குத்தப் போறான்! அவன் மாமியாரைக் கூப்பிடுங்க, வந்து பாக்கட்டும்!"

இந்த ஊர்ல உலக்கையைத் தொட்ட ஆம்பளை கெடையாது. தொட்டா அவன் சாவற வரைக்கும் அதைச் சொல்லியே சிரிப்பாங்க. பொம்பளைங்க உரல்பாட்டை எடுத்து விட்டாங்க. செயலாளர் உலக்கையை வுட்டுட்டு ஒதுங்கிட்டாரு. ஜுமாவே சிரிச்சுட்டாரு. "இது எங்க வேலை இல்ல"ன்னு உலக்கையை அக்கா கையில குடுத்துட்டாரு.

ஆபீசர், "அப்ப யாருதான் ஓட்டறது?"ன்னாரு.

"நாங்கதான்"னாங்க ஆஷாம்மா.

"எங்க வைக்கறது?"

"ஓட்டறவுங்க எடத்துல."

ஆபீசர் பேனாவை எடுத்தாரு. சங்கத்துக்குப் பெண்கள் பிரிவுன்னு ஒண்ணு எழுதி, மெஷின் அவுங்க பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டாரு. எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக் கேமராவால ஒரு போட்டோ எடுத்தாரு. உலக்கையோட ஆஷாம்மாவும் ஜுமாவோட அக்காவும், சுத்தி அத்தினி பொம்பளைங்களும், ஓரத்துல வேர்த்து வழியற பட்டுப்பொடவை ஒண்ணும்.

திரும்பி வரும்போது கூட வந்த ஆஷாம்மாகிட்ட கேட்டேன். "உலக்கை வைக்கச் சொன்னப்பவே இதுக்குத்தான் சொன்னீங்களா?"

"பிள்ளை தூங்கணும்னு சொன்னேன். தூங்குதா இல்லியா?"

"தூங்குது. அது மட்டுந்தானா?"

ஆஷாம்மா என் தோள்ல ஓங்கி ஒரு தட்டு தட்டிட்டு சிரிச்சாங்க. இப்படி ஒருத்திக்கு நான் சிநேகிதின்னு சொல்லிக்கறதுல எனக்கு இருக்கற பெருமை கொஞ்ச நஞ்சமில்ல.

6

ரெஜினா விளையாட்டைச் சொல்ல மறந்துட்டேன். என் பொண்ணு பொம்மையை முதுகுல கட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பொண்ணோட எதிரும் புதிருமா நின்னு குச்சியால மண்ணைக் குத்தும். பாட்டு சுவாஹிலியில. தமிழ்ல ஒரு பாட்டு பாடுன்னா, வாயைப் பொத்திக்கிட்டு ஓடுது. சிதம்பரத்துல அது தூளியைப் பாத்துட்டு, "பாப்பாவை ஏன் மூட்டை கட்டித் தொங்க வுட்டிருக்காங்க?"ன்னு கேட்டப்ப எனக்கு சுருக்குன்னுச்சு. இது யார் பிள்ளையா வளருதுன்னு பயமாவும் இருக்குது. ஆனா மெஷின் பொம்பளைங்களோடதுன்னுதான் அதுக்குத் தெரியும். வேற விதமா இருக்கும்னே தெரியாது. அந்த ஒண்ணுக்காக மத்ததைப் பொறுத்துக்கறேன்.

அந்த லீவுலதான், சிதம்பரத்துலேருந்து பாசஞ்சர் ரயில் புடிச்சு ஓ.டி.யில எறங்கி அம்மாவைப் பாக்கப் போனேன். அம்மா இப்போ கருவாட்டுக் கூடையை வுட்டுட்டுது. கண்ணு கொஞ்சம் மங்கல். போட்டோவைக் குடுத்து, கிசிமாணி கதையை ஒண்ணு விடாம சொன்னேன். ஜுமா உலக்கையைப் புடிச்ச கதைக்கு விழுந்து விழுந்து சிரிக்கும்னு நெனச்சேன். சிரிக்கலை. போட்டோவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போயி, ஒவ்வொரு மொகமா வெரலை வச்சுப் பாத்துது. அந்த நகம் இன்னும் பொளந்துதான் இருக்குது.

"இந்த மெஷினு வந்ததும் எத்தினி பேரை வெளிய அனுப்புனாங்க?"

"ஒருத்தரையும் இல்லம்மா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒருத்தரைக் கூடவா?"

"உரிச்சவுங்க அத்தினி பேரும் இந்தப் போட்டோவுல நிக்கறாங்கம்மா. நீயே எண்ணிக்க."

அம்மா போட்டோவோட உள்ள போச்சு. அழுவுதோன்னு நெனச்சு எழுந்தேன். கோயிலுக்குக் கட்டற வெள்ளைப் பொடவையைக் கட்டிக்கிட்டு, தலையை வாரிக்கிட்டு வந்துச்சு. போட்டோவை முந்தானையில சுத்திக்கிட்டுது.

"எங்கம்மா கெளம்பிட்ட, இந்த வெயில்ல?"

"மண்டிக்கு. முதலாளிக்கு வயசாயிடுச்சு, ஆனாலும் தெனம் வந்து கல்லாவுல உக்காந்திருக்காரு. காட்டிட்டு வரேன்."

"இரும்மா, நானும் வரேன்."

"நீ எதுக்குடி?" அம்மா செருப்பை மாட்டிக்கிட்டுது. "அன்னிக்கி வெளிய வந்தவ நானு. நானே உள்ள போறேன்."